இதைச் செய்தது யார்?

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் 2 மணி நேரம். என் அத்தைக்கு அந்த வழி நன்றாகப் பழக்கம். வேண்டுதல் என்றால் போவார். பேரப் பிள்ளைக்கு மொட்டை போடப் போவார். கல்யாணத்துக்குப் போவார். ஆனால் அங்கே ஒரு கண்காட்சி பார்த்தது போன வருடம்தான். அதுதான் முதல் தடவை.

அதுவும் திட்டம் போட்டுப் போகவில்லை. மலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். நல்ல வெயில். ஊர் திரும்ப அவசரம் இல்லை. திருப்பதியில் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாசலில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். அதில் தெலுங்கில் எழுதியிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு, நைனா?"

"நம் பக்கத்து ஊர்களின் கைவேலைக் கண்காட்சியாம், அத்தை. எல்லோரும் வரலாமாம். காசு கிடையாதாம்."

"எல்லோரும்னா, நம்மையும் விடுவாங்களா?"

அத்தைக்கு வயது 54. வீட்டில் தமிழ் பேசுவார். சந்தையில் தெலுங்கு பேசுவார். சண்டை வந்தால் இரண்டும் பேசுவார். சித்தூர்ப் பக்கத்தில் பலரும் இப்படித்தான். 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் உண்டானது. அதில் ஒரு பகுதி வட ஆற்காட்டிலிருந்து வந்தது. 1960-இல் திருத்தணி தமிழர் பக்கம் போனது. சித்தூர் ஆந்திராவில் இருந்துவிட்டது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. எல்லை எத்தனை முறை மாறினாலும் அத்தை வீட்டு அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அத்தை சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. மூங்கில் கூடை பின்னுவதுதான் தொழில். 2 வருடத்துக்கு முன்னால் இரவு வகுப்பில் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டார். இப்போது வேலூர் பஸ்ஸின் பலகையை அவரே படிக்கிறார். சீட்டுக் கணக்கையும் அவரே எழுதுகிறார்.

கண்காட்சிக் கூடத்தின் வாசலில் அத்தை செருப்பைக் கழற்றினார். கழற்ற வேண்டாம் என்று ஒரு மாணவி சொன்னாள். அத்தை கேட்கவில்லை. செருப்பை ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கடையும் கண்காட்சியும்

உள்ளே போனதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் என்ன விலை?"

நியாயமான கேள்விதான். துணி தொங்குகிறது. பொம்மை நிற்கிறது. பானை இருக்கிறது. கடை மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் இது கடை இல்லை. கடையில் பொருளுக்குப் பக்கத்தில் விலைச் சீட்டு இருக்கும். கண்காட்சியில் பெயர்ச் சீட்டு இருக்கும். கடைக்காரர் பொருளை விற்க வைக்கிறார். கண்காட்சி நடத்துகிறவர் நாம் பார்க்க வைக்கிறார். இது என்ன, எந்த ஊர், எந்தக் காலம், யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அந்தச் சீட்டு சொல்ல வேண்டும்.

சில நாள் நடப்பது கண்காட்சி. எப்போதும் இருப்பது அருங்காட்சியகம். படம், சிற்பம், கைவேலை ஆகியவற்றை வைக்கும் கூடத்தைக் கலைக்கூடம் என்று சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

பல்கலைக்கழகம் என்றால் பெரிய படிப்பு படிக்கிற இடம். அங்கே இதெல்லாம் எதற்கு? புத்தகத்தில் மட்டும் எல்லாம் இல்லை. பழைய ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதை எப்படி எழுதினார்கள் என்று தெரியும். ஒரு பானையைத் திருப்பிப் பார்த்தால்தான் அதைச் சக்கரத்தில் செய்தார்களா, கையால் தட்டிச் செய்தார்களா என்று தெரியும். அதனால் பல்கலைக்கழகங்கள் பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள பல்கலைக்கழகம் 1683-இலேயே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டது. அதன் பெயர் ஆஷ்மோலியன். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் பக்கத்திலும் உண்டு. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-இல் தொடங்கியது. அங்கே உள்ள கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் பழைய ஓலைச்சுவடிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தொடங்கியது. அங்கேயும் அருங்காட்சியகம் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் கடைசியில் குப்பம் என்ற ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து கேட்கும் ஊர். அங்கே 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது.

இந்தக் கட்டடங்கள் எல்லாம் பொதுமக்கள் பணத்தில் நடப்பவை. கண்காட்சி என்று பலகை வைத்தால் நாம் தாராளமாகப் போகலாம். பொருளைத் தொடக்கூடாது. கை வியர்வை பட்டால் பழைய துணியும் ஓலையும் கெட்டுவிடும். அது ஒன்றுதான் கட்டுப்பாடு. கேள்வி கேட்கக் கட்டுப்பாடு இல்லை.

பால் வாசம் அடிக்கும் துணி

முதல் அறையில் கலம்காரித் துணிகள் தொங்கின. இராமர் பட்டாபிஷேகம் ஒன்று. ஒரு பெரிய மரம், கிளை நிறையக் கிளிகள், அது ஒன்று. அத்தை மரத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

காளஹஸ்தி திருப்பதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாம் அதைக் காளத்தி என்போம். அங்கே ஓடும் ஆற்றைத் தெலுங்கில் சுவர்ணமுகி என்கிறார்கள். தமிழில் பொன்முகலி. அந்த ஆற்றங்கரையில் வளர்ந்த வேலை இது. கலம் என்றால் பேனா. காரி என்றால் வேலை. பேனாவால் துணியில் படம் எழுதுவதுதான் கலம்காரி. மசூலிப்பட்டினத்திலும் கலம்காரி உண்டு. அங்கே மரத்தில் அச்சு வெட்டித் துணியில் பதிப்பார்கள். காளத்தியில் கையால் எழுதுவார்கள். நம் கும்பகோணம் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கையால் எழுதும் குடும்பங்கள் உண்டு.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு மாணவர் விளக்கினார். அத்தை குறுக்கே குறுக்கே கேட்டார். அதனால் எனக்கும் நன்றாகப் புரிந்தது.

முதலில் வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் எருமைப் பாலும் சேர்க்கிறார்கள்.

"பால் எதுக்கு, சாமி?" என்று அத்தை கேட்டார்.

பாலில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு ஏறிய துணியில் மை பரவாது. வைத்த இடத்திலேயே நிற்கும். புதுக் கலம்காரித் துணியில் ஒரு வாசம் அடிக்குமே, அது இந்தப் பாலின் வாசம்தான்.

துணி காய்ந்ததும் புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் படம் வரைகிறார்கள். பிறகு பேனா. அது மூங்கில் குச்சி. நுனி கூராக இருக்கும். நுனிக்கு மேலே கம்பளியையோ துணியையோ சுற்றி நூலால் கட்டியிருக்கும். சுற்றிய இடம் மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும்.

கறுப்பு மை செய்வது ஒரு வித்தை. பானையில் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரையும் போட்டுப் பல நாள் ஊறவைக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் கறுப்பாகவே இருக்காது. ஆனால் கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுத்துவிடும். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு வரும். மாதுளங்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கத்தி கறுக்கிறது அல்லவா? அதே காரணம்தான்.

சிவப்புக்கு வேறு வழி. சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரத் தண்ணீரைப் பூசுகிறார்கள். பிறகு துணியைச் சாய வேரோடு கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். மற்ற இடத்தில் சாயம் ஒட்டாது. மஞ்சள் கடுக்காய்ப் பூவிலிருந்து வருகிறது. நீலம் அவுரியிலிருந்து வருகிறது. மஞ்சள் மேல் நீலம் பூசினால் பச்சை.

ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு துணியை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். தேங்கிய தண்ணீரில் அலசினால் கழன்ற சாயம் வேறு இடத்தில் ஒட்டிவிடும். அதனால்தான் ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வளர்ந்தது. ஆறு வற்றினால் தொழிலும் கஷ்டப்படும்.

இப்போது அச்சடித்த துணியையும் கலம்காரி என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கும்போது கோட்டைப் பாருங்கள். கை எழுதிய கோடு ஓர் இடத்தில் தடிக்கும், ஓர் இடத்தில் மெலியும். எல்லாக் கிளியும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் அது கையால் எழுதியது இல்லை.

ஒரு காலத்தில் இந்தத் துணிகளைக் கோயில்களில் தொங்கவிட்டார்கள். நடுவில் பெரிய படம். சுற்றிலும் கட்டம் கட்டமாகக் கதை. படத்துக்குப் பக்கத்தில் தெலுங்கில் கதைக் குறிப்பும் எழுதியிருக்கும். பிறகு காலம் மாறியது. ஆலைத் துணி வந்தது. எழுதுகிற குடும்பங்கள் குறைந்துவிட்டன. 1950-களின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாய என்ற அம்மையார் கைத்தொழில்களைக் காக்கப் பாடுபட்டார். அவர் முயற்சியால் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் வந்தது. இளைஞர்கள் மீண்டும் கற்றார்கள். காளத்திக் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அத்தை என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இந்த மரத்தை எழுதினது யாரு?"

சீட்டைப் பார்த்தேன். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கலைஞர் பெயரும் ஊரும் இருந்தன. படித்துச் சொன்னேன். அத்தைக்குத் திருப்தி.

அப்போது அந்த மாணவர் ஒரு செய்தி சொன்னார். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் என்று ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே காளத்தியில் எழுதிய ஒரு பெரிய இராமாயணத் துணி இருக்கிறது. 1880-களில் இங்கிருந்து போனது. அதை எழுதியவர் பஞ்சகல்ல பெத்த சுப்பராயுடு. நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. ஏன்? அன்றைக்கு யாரோ எழுதி வைத்தார்கள். நம் நாட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கான துணிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துணி இருக்கிறது. எழுதிய கையின் பெயர் இல்லை.

கூடை இருந்த மேடை

அடுத்த அறையில் வீட்டுப் பொருள்கள். உலக்கை, முறம், மரப்பாச்சி, மண் அடுப்பு. நடுவில் ஒரு மேடை. அதன் மேல் ஒரு மூங்கில் கூடை. மேலே விளக்கு போட்டிருந்தார்கள்.

அத்தை நின்றுவிட்டார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம கூடை நைனா! இதுக்குப் போய் விளக்கு போட்டிருக்காங்களே!"

பிறகு சிரிப்பு நின்றது. "என்ன எழுதியிருக்கு?" என்றார்.

நான் சீட்டைப் படித்தேன். "மூங்கில் கூடை. தானியம் சேமிக்க. கிராமியப் பொருள்." அவ்வளவுதான்.

"தானியமா? இதுலயா?" அத்தையின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் பார்த்த அதே மாணவி ஓடி வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். அத்தை தெலுங்கில் தொடங்கினார். அரை மணி நேரம் நிற்கவில்லை.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. தானியக் கூடையை நெருக்கிப் பின்னுவார்கள். அதன்மேல் சாணி மெழுகுவார்கள். அப்போதுதான் நெல்லும் கேழ்வரகும் சிந்தாது. பூச்சியும் எளிதில் ஏறாது. இந்தக் கூடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. இதில் கேழ்வரகைப் போட்டால் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். இது மாங்காய்க் கூடை. காற்று போக வேண்டும். இல்லாவிட்டால் காய் வெந்துவிடும். அதற்காகத்தான் இடைவெளி. விளிம்பைப் பாருங்கள். இரண்டு சுற்றுக் கட்டு. ஏன்? நிறையக் காயோடு இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து லாரியில் ஏற்றுவார்கள். ஒற்றைக் கட்டு பிய்ந்துவிடும். அடியைப் பாருங்கள். மூங்கிலின் மேல் தோல் வெளிப்பக்கம் இருக்கிறது. தோல்தான் உறுதி. உள் பக்கத்துக்குச் சதைப் பகுதி. அது மிருது. காயில் கீறல் விழாது.

"தானியக் கூடைன்னு எழுதினவங்க ஒரு படி கேழ்வரகை இதுல கொட்டிப் பார்த்திருக்கலாமே!" என்று முடித்தார்.

அந்த மாணவிக்குக் கோபம் வரவில்லை. அவள் ஒரு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கூடையை ஒரு வியாபாரியின் கிடங்கிலிருந்து வாங்கினார்களாம். இப்போது மாங்காய் ஏற்றப் பிளாஸ்டிக் பெட்டி வந்துவிட்டது. அதனால் பழைய கூடைகள் அங்கே மூலையில் கிடந்தனவாம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அத்தை இன்னொன்று கேட்டார். "இதைச் செஞ்சது யாரு?"

மாணவி விழித்தாள். தெரியாது என்றாள்.

"அந்தத் துணிக்குப் பேர் போட்டிருக்கீங்க. இதுவும் கைவேலைதானே? இதுக்கு மட்டும் ஏன் பேர் இல்லை?"

எனக்கும் பதில் தெரியவில்லை. உங்களுக்கும் தோன்றலாம்: கூடைதானே, அதற்குக்கூடவா பெயர்? ஆனால் யோசித்துப் பாருங்கள். துணி எழுதுகிறவருக்கு 10 வருடப் பழக்கம் வேண்டும் என்றால் கூடை பின்னுகிறவருக்கும் கை படிய வருடங்கள் வேண்டும். ஒன்றைக் கலை என்கிறோம். மற்றொன்றைக் கூலி என்கிறோம். அந்த வேறுபாடு பொருளில் இல்லை. பார்க்கிறவர்கள் போட்டது.

பெயர்ச் சீட்டு சிறியதுதான். ஆனால் 50 வருடம் கழித்து வருகிறவர் அதைத்தான் நம்புவார். அன்றைக்கு மாங்காய்க் கூடை யாருக்கும் தெரியாது. "தானியக் கூடை" என்று சீட்டு சொன்னால் தானியக் கூடைதான்.

பஸ்ஸில் சொன்ன கதை

திரும்பும்போது பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. அங்கே விஜயநகர அரசர்களின் கோட்டை இருக்கிறது. ராஜ மகால் என்ற மூன்று மாடி அரண்மனையில் இந்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. கல் சிற்பங்களும் வெண்கலச் சிலைகளும் உள்ளன. 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் சென்னைப் பக்கமும் சந்திரகிரி அரசரின் கீழ்தான் இருந்தது. போனால் கட்டாயம் பாருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்று விடுமுறை.

அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இன்னும் கோபம் ஆறவில்லை. "ஒரு சீட்டுக்கு இவ்வளவு பேசிட்டேனோ?" என்றார். அப்போது ஆஷ்மோலியன் கதையைச் சொன்னேன்.

திருமங்கை ஆழ்வாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் திருவேங்கடத்து மலையையும் பாடியவர். சிலைகளில் அவர் கையில் வாளும் கேடயமும் இருக்கும். கும்பகோணம் பக்கத்தில் சுந்தரப்பெருமாள் கோயில் என்று ஒரு கிராமம். அங்கே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை இருந்தது. 16-ஆம் நூற்றாண்டுச் சிலை. அது எப்படியோ வெளிநாடு போய்விட்டது. 1967-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தது. அங்கே போனவர்கள் பார்த்தார்கள். அழகான சிலை என்றார்கள். எந்தக் கோயிலின் ஆழ்வார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. அங்கே தென்னாட்டுக் கோயில் சிலைகளின் பழைய புகைப்படங்களை ஊர் வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் 1957-இல் எடுத்த ஒரு படம் இருந்தது. அந்தக் கோயிலிலேயே எடுத்த படம். அதே ஆழ்வார். ஓர் ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 2019-இல் அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தார். அருங்காட்சியகமும் மறைக்கவில்லை. இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. இந்தியா சிலையைத் திருப்பிக் கேட்டது. 2024 மார்ச் மாதம் சிலையைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம் ஒப்புக்கொண்டது.

அத்தை கேட்டார். "அந்தப் படத்துல ஊர்ப் பேர் இல்லாமப் போயிருந்தா?"

"எந்த ஊர் ஆழ்வார் என்று சொல்ல முடியாது, அத்தை. அங்கேயே இருந்திருப்பார்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் பேசினது சரிதான்" என்றார். பாக்கு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சீட்டு எழுதும் வேலை

ஒரு மாதம் கழித்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழில் இருந்தது. அந்த மாணவி தமிழ் தெரிந்த தோழியைக் கொண்டு எழுதியிருந்தாள். அத்தை அதைத் தானே படித்தார். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் உதவ வந்தபோது கையால் தள்ளிவிட்டார்.

மாணவர்கள் அந்த வியாபாரியிடம் மீண்டும் போயிருக்கிறார்கள். கூடை எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறார்கள். அந்த ஊருக்கும் போயிருக்கிறார்கள். பின்னியவர் ஒரு வயதான அம்மா. விளிம்புக் கட்டைப் பார்த்ததும் தன் கை வேலை என்று சொல்லிவிட்டாராம். பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிய சீட்டு வைத்தார்களாம். இந்த முறை தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினார்களாம். அந்த அம்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அதுதான் கண்காட்சியின் கடைசி நாள் என்று கடிதத்தில் இருந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம். ஒரு நாள் மட்டும்தானே அந்தப் பெயர் அங்கே இருந்தது! அத்தைக்கு அப்படித் தோன்றவில்லை. நோட்டில் இருக்கும் அல்லவா என்றார்.

கடிதத்தை இரவு வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பெண்கள் உடனே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் மாமியாருடைய திருகைக் கல் இருக்கிறது. என் தாத்தா வாசித்த பம்பை பரணில் இருக்கிறது. பழைய கேழ்வரகுப் படி இருக்கிறது. பொங்கலுக்கு நம் வகுப்பிலேயே ஒரு கண்காட்சி வைத்தால் என்ன?

வைத்தார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு வெள்ளை வேட்டி, மேலே ஒரு குண்டு பல்பு. பொருளைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது. சீட்டு எழுதுவதுதான் கஷ்டம். பழைய காலண்டர் அட்டையை வெட்டினோம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். சீட்டில் என்ன எழுதுவது என்று பேசி முடிவு செய்தோம். நீங்களும் உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளுக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்:

பொருள்: திருகைக் கல்
எதற்கு: உளுந்து உடைக்க
யாருடையது: (பெயர்)
செய்தவர்: (பெயர். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதவும்)
ஊர்:
எத்தனை வருடப் பழசு: மாமியார் கல்யாணத்தின்போது வந்தது

வருடம் தெரியாவிட்டால் பரவாயில்லை. யார் கல்யாணம், எந்தப் புயல், எந்தப் பஞ்சம் என்று எழுதினால் போதும். பிறகு படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது. அத்தை இதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். ஒருவர் தன் வீட்டுச் சொம்பை 300 வருடப் பழசு என்று எழுதி வந்தார். அத்தை சொம்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பாத்திரக் கடையின் பெயர் வெட்டியிருந்தது. கடையின் போன் நம்பரும் இருந்தது. சீட்டை மாற்ற வைத்தார்.

அத்தையும் ஒரு பொருள் கொண்டுவந்தார். சாணி மெழுகிய ஒரு பழைய தானியக் கூடை. ஓர் ஓரம் எலி கடித்திருந்தது. சீட்டு எழுத உட்கார்ந்தார். பொருள் எழுதினார். எதற்கு என்று எழுதினார். "செய்தவர்" என்ற இடம் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இது நீங்கள் செய்ததுதானே, அத்தை? உங்கள் பெயரைப் போடுங்கள்."

"இல்லை நைனா. இது எங்க அம்மா செஞ்சது. அம்மா பேரை நான் இதுவரைக்கும் எழுதினதே இல்லை."

ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கடைசி எழுத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கே எந்த 'ள'? குண்டு 'ள'வா?"

"ஆமாம், அத்தை."

எழுதிவிட்டு அட்டையை ஊதிக் காயவைத்தார்.